மெழுகு பிளாக்கை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்

அரசு மருத்துவமனைகளின் ஆய்வகங்களைக் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கட்டி எந்த வகை என்று திசுவில் சாயம் பிடிக்கவைத்துப் பார்க்கும் ஐ.எச்.சி. சோதனைக்கான ஆன்டிபாடி (அந்தச் சாயம் பிடிக்க வைக்கிற பொருள்) எத்தனை மாதமாக ஸ்டாக் இல்லை, அதைக் கேட்டு அனுப்பிய இண்டென்ட் யார் மேசையில் தூங்குகிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்தக் கதைக்குள் போகவில்லை. மருத்துவமனையின் பெயரையும் எழுதவில்லை. அங்கே என் அண்ணனுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அண்ணனுக்கு 52 வயது. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. ரத்த சோகை என்று எட்டு மாதம் சத்து மாத்திரை சாப்பிட்டார். வாய்வழியாகக் கேமரா விட்டும் ஒன்றும் தெரியவில்லை, ஆசனவாய் வழியாக விட்டும் தெரியவில்லை. இரண்டும் எட்டாத நடுச் சிறுகுடலில் கட்டி உட்கார்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் கண்டுபிடித்து வெட்டி எடுத்தார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தோம். பேத்தாலஜி ரிப்போர்ட்டின் கடைசி வரி வேறு சொன்னது: நூல் நூற்கும் கதிர் வடிவ செல்கள் உள்ள கட்டி, எந்த வகை என்று அறிய ஐ.எச்.சி. தேவை.

ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு ஒரு பயிற்சி டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்கிற கட்டி, தசையில் வரும் கட்டி, நரம்பு உறையில் வரும் கட்டி மூன்றுமே மைக்ராஸ்கோப்பில் அண்ணன் தம்பி போல இருக்குமாம். மார்க்கர் (அந்த ஆன்டிபாடிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) போட்டால்தான் முகம் பிரியும். சிடி 117, டாக் 1 என்ற மார்க்கர்கள் பழுப்பாகப் பிடித்தால் ஜிஸ்ட். டெஸ்மின் பிடித்தால் தசை, எஸ் 100 பிடித்தால் நரம்பு என்று பார்ப்பார்களாம். "இங்கே ஸ்டாக் இல்லம்மா, பிளாக்கை வாங்கிட்டுப் போய் வெளியே பாத்துடுங்க" என்று அவர் சொன்னபோது அவருக்கே கூச்சமாக இருந்தது.

பிளாக் என்றால் என்னவென்று அன்றுதான் பார்த்தேன். பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகு, அதற்குள் விரல் நகம் அளவுக்கு வெளுத்த சதை. அதை வாங்க மனு, ரேஷன் கார்டு நகல், '15 நாளில் திருப்பித் தருகிறேன்' என்று என் கையெழுத்து. நான்கு நாள் அலைந்த பிறகு ஒரு பழைய கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அக்னி நட்சத்திரம். பஸ்ஸில் உட்கார இடமில்லை. மெழுகாச்சே, உருகிவிட்டால்? டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து அதற்குள் வைத்து, அந்தப் பாக்ஸை நெஞ்சோடு அணைத்தபடி நகரத்தின் மறுகோடி வரை நின்றுகொண்டே போனேன். தனியார் ஆய்வகத்துப் பையன் சிரித்தான். "இது உருக 60 டிகிரி கிட்ட வேணும்க்கா, மெட்ராஸ் வெயில் இன்னும் அவ்வளவு போகல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது தொலைந்தால் திரும்ப வெட்டி எடுக்க அண்ணன் வயிற்றில் அந்தக் கட்டி இல்லையே.

மார்க்கருக்கு ஒரு ரேட் என்று ஐந்துக்கு 6,500 ரூபாய் கட்டினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. இந்த பிளாக்கில் செத்த திசுதான் அதிகம், அதே கட்டியின் வேறு பிளாக் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். மறுபடியும் மனு, மறுபடியும் டிபன் பாக்ஸ். கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகக் காத்திருந்தபோது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இரண்டு பேத்தாலஜி டாக்டர்கள் போனில் பேசிச் சரியான பிளாக்கை அனுப்பியிருந்தால் இந்த நடை எதற்கு?

இது அவசரமில்லாத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாதாரண கீமோ ஜிஸ்ட்டிடம் பலிக்காது. இமாடினிப் என்ற மாத்திரைக்குத்தான் அது கட்டுப்படும். ரத்தப் புற்றுநோய்க்காக வந்த அந்த மாத்திரையை 2002-லேயே அமெரிக்காவில் இந்தக் கட்டிக்கும் அனுமதித்துவிட்டார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை தர மறுத்தது, குறைந்த விலை மாத்திரைக்கு வழி அடைபடவில்லை. அதே அளவுக் கட்டி இரைப்பையில் இருப்பதைவிடச் சிறுகுடலில் இருந்தால் திரும்ப வரும் ஆபத்து அதிகம் என்று டாக்டரே சொன்னார். மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதைச் சாப்பிடலாமா என்று சொல்லும் சாயம்தான் அரசு ஆஸ்பத்திரியில் இல்லை.

எங்கள் பக்கத்துக்குக் கேட்காமலே எல்லாம் வரும். கொடுங்கையூருக்கு ஊர்க் குப்பை வரும், எண்ணூருக்கு அனல்மின் நிலையச் சாம்பல் வரும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகம் தேடி எண்ணெயே வந்தது. இண்டென்ட் போட்டுக் கேட்ட ஆன்டிபாடி மட்டும் வழி தெரியாமல் நிற்கிறது போல.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது சின்ன விஷயம். ஸ்டாக் இல்லாமல் போகலாம், புரிகிறது. அப்போது பிளாக்கை நோயாளி வீட்டார் கையில் கொடுக்காதீர்கள். ஸ்டாக் உள்ள இன்னொரு அரசு மருத்துவமனைக்கு உங்கள் ஆள் மூலமாக, ரிஜிஸ்டரில் பதிந்து, நீங்களே அனுப்புங்கள். ரிப்போர்ட்டும் உங்களுக்கே வரட்டும். தயவுசெய்து பிளாக்கை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்.

அண்ணனுக்கு சிடி 117, டாக் 1 இரண்டுமே பாசிட்டிவ். தினம் 400 மில்லிகிராம் மாத்திரை, மூன்று வருடத்துக்கு. சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று. அந்த இரண்டு பிளாக்கும் இப்போது எங்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கப் போனபோது, கையெழுத்து வாங்கியவர் மாற்றலாகிவிட்டார், பிறகு வாருங்கள் என்றார்கள். 15 நாள் கெடு தாண்டிவிட்டது. யாரிடம் கொடுப்பது என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை
தண்டையார்பேட்டை