மகளிர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் சங்க வேலையில் பெரும்பகுதி தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கே போனது. ஏழைக் குடும்பத்தில் 19 வயது நிரம்பிய தாய்க்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு, தலா 18,000 ரூபாய். பணமாக 14,000; மீதிக்கு 2,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2024 ஏப்ரலிலிருந்து ஐந்து தவணை மூன்றாகிவிட்டது. நாலாம் மாதக் கர்ப்பத்தில் 6,000, குழந்தைக்கு நாலாம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. பிரசவமான கையோடு வரும் தவணை இப்போது இல்லை. அதைக் கேட்டு சிஸ்டரிடம் (கிராம சுகாதார செவிலியரிடம்) சண்டைக்குப் போகவேண்டாம்.

ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது ஏட்டுக் கணக்கு. பக்கத்துத் துணை சுகாதார நிலையம் காலியாக இருந்தால் அதுவும் அவர் தலையில்தான். ஆகவே காகிதங்களை நாமே முன்கூட்டிச் சரிபார்த்து, கர்ப்பத்தின் 12 வாரத்துக்குள் பிக்மியில் (கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளம்) பதிய அனுப்பினோம். அங்கே கிடைக்கும் 12 இலக்க எண் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும்.

பணம் நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் வங்கிப் பக்கம்தான். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல். இன்னொன்று பலருக்குப் பிடிபடுவதில்லை: கணக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் மட்டும் போதாது, 'ஆதார் சீடிங்' ஆகியிருக்க வேண்டும், அதாவது அரசுப் பணம் வரவேண்டிய கணக்காக ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் சீடிங் ஆகும். கடைசியாக எங்கே ஒப்புதல் கொடுத்தோமோ அங்கே பணம் போய்விடும். சிம் வாங்கிய கடையில் கைரேகை வைத்துத் திறந்த கணக்கை மறந்துவிட்டு, "பணமே வரவில்லை" என்று அலைவது இதனால்தான்.

அடுத்த சிக்கல் வளைகாப்பு. தாய்வீட்டுக்குப் போனவரின் பதிவு புகுந்த ஊரிலேயே இருக்கும். தாய்வீட்டு ஊரில் போட்ட தடுப்பூசி அந்தப் பதிவில் ஏறாவிட்டால் தவணையும் தள்ளிப்போகும். கிளம்புமுன் சிஸ்டரிடம் சொல்லுங்கள். குழந்தையின் 6, 10, 14 வார ஊசித் தேதிகளைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள்.

ரத்தசோகை பற்றியும் சொல்லவேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் வீட்டு வைத்தியம் பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வீடு வீடாகப் பார்த்ததில் இரும்பு மாத்திரை அட்டை பிரிக்காமலே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது கெடுதல் இல்லை. குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். டீயோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கக்கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடவேண்டும். இரும்பு மாத்திரை நாலாம் மாதம் தொடங்கி தினம் ஒன்று. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். பெட்டகத்தில் வரும் நெய்யும் பேரீச்சையும் தாய்க்கு. வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல!

வரும் ஆண்டில் புதன்கிழமை தடுப்பூசி நாட்களில் இரண்டு உறுப்பினர்கள் நிலையத்தில் இருந்து அட்டை, பாஸ்புக், ஆதார் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாகத் தீர்மானம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்