சிம்னி வழியாகப் போகும் காசு

ஆசிரியருக்கு வணக்கம்.

எரிபொருள் விலை ஏறிவிட்டது என்று ஆலைக்காரர்கள் புலம்புவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று கேட்கத் தோன்றும். உங்கள் பாய்லர் சிம்னியில் எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று கடைசியாக எப்போது அளந்தீர்கள்? இருபது வருடம் ஆயில் பாய்லரோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

காற்று குறைந்து கறுப்புப் புகை வந்தால் மேனேஜர் முதல் பக்கத்துத் தெருக்காரர் வரை சத்தம் போடுவார்கள், அதற்குப் பயந்து நாங்கள் காற்று வழியைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் என்ற தகட்டைத் தாராளமாகவே திறந்து வைத்துவிடுவோம். புகை நிற்கும். ஆனால் எரியத் தேவையில்லாத அந்தக் காற்றும் நம் ஆயிலில் சூடேறி வெளியே போகிறது. புகையில் 3 சதவீதம் ஆக்சிஜன் இருந்தால் தேவைக்கு மேல் சுமார் 17 சதவீதம் காற்று விடுகிறோம் என்று கணக்கு, 8 சதவீதம் என்றால் 60 சதவீதத்துக்கும் மேல். சிம்னியை அண்ணாந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்!

சர்வீஸ்காரர் சரியாக வைத்துவிட்டுப் போனாலும் அது நிலைக்காது. மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கும் காற்று, சித்திரை மத்தியானம் 40 டிகிரியில் ஆறு சதவீதம் போல லேசாகிவிடும், காற்றைத் தள்ளும் ஃபேனுக்கு அது தெரியாது, அதே கன அளவைத்தான் தள்ளும். அதனால் வெயிலுக்குத் தோதாக வைத்துவிட்டு, குளிர் நேரம் முழுக்க வீணடிக்கிறோம்.

தானியங்கி ஆக்சிஜன் கட்டுப்பாடு இதைத்தான் பார்த்துக்கொள்கிறது. சிம்னியில் ஒரு ஜிர்கோனியா சென்சார், கார் சைலன்சரில் இருக்கிறதே அந்த வகைதான், ஆக்சிஜனை அளந்துகொண்டே இருக்கும், அதற்கேற்ப டேம்பர் தானாக நகரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம் மிச்சமாகும். அவ்வளவுதானா என்பீர்கள். நாளுக்கு 2,000 லிட்டர் எரிக்கிற இடத்தில் அது 20 முதல் 40 லிட்டர்.

சரி, வாங்கி மாட்டினால் போதுமா? நான் இருந்த ஓர் ஆலையில் மாட்டிய மறுவாரமே கரி பிடித்தது. சிம்னி இணைப்பில் இடுக்கை அடைக்கும் பழைய கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று புகுந்திருக்கிறது, ஆக்சிஜன் அதிகம் என்று நம்பிய கருவி பர்னர் காற்றைக் குறைத்துவிட்டது. கார்பன் மோனாக்சைடு கிளம்பும், ஆபத்து. கேஸ்கெட்டை மாற்றாமல் கருவியைத் திட்டிக் கழற்றிப் போட்டார்கள்.

கருவி வாங்க வசதியில்லாத சிறு ஆலைகளுக்கு, கையடக்கப் புகை அனலைசர் ஒன்றை ஆலைக்காரர்கள் சங்கம் பொதுவில் வாங்கி, மாதம் ஒருமுறை சுற்றுக்கு விடலாமே.

ஓய்வுபெற்ற பாய்லர் அட்டெண்டன்ட்,
ஈரோடு