உத்தரம் வெடித்தால் பயப்படாதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ பேசியபோது குரலில் இருந்த பதற்றம் இன்னும் என் காதில் நிற்கிறது. நடு ராத்திரியில் டப்பென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் புது அறையின் ஓக் உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். வெடிப்பை அடைக்க வாங்கிய பட்டியையும் வார்னிஷ் டப்பாவையும் இப்போதைக்குத் திறக்காதே.

உன் அறையில் ஏற்றியிருப்பது பச்சை மரம், அதாவது இன்னும் காயாத மரம். காய்ந்த ஓக் உளிக்கு அடங்காது என்பதால் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, ஒரு மரத்தின் முனை மற்றொன்றில் நுழையக் கூடு வெட்டி, மர ஆணி அடித்துப் பொருத்துவதுதான் தச்சர்களின் நெடுநாள் வழக்கம். 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்ததல்லவா, அதைத் திரும்பக் கட்டியபோதும் பச்சை ஓக்கைக் கோடரியால் செதுக்கித்தான் ஏற்றினார்கள். பச்சை ஓக்கில் காய்ந்த மரத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீரே இருக்கும். அது அங்குலத்துக்கு ஒரு வருடம் என்ற கணக்கில்தான் வெளியேறும். உன் உத்தரத்தின் தடிமன் எட்டு அங்குலம். கணக்கை நீயே போட்டுப் பார்.

காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறி எங்காவது தீர வேண்டும், அதனால்தான் மேல்தோல் வாய் திறக்கிறது. நீளவாக்கில் ஓடும் இழைகள் அறுபடவில்லை என்பதால் பலம் பெரிதாகக் குறையாது. ஆனால் வெடிப்பு சாய்வாக ஓடி ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வெளியேறினாலோ, மரங்கள் சேரும் மூட்டைக் கிழித்துக்கொண்டு போனாலோ, உத்தரம் தொய்ந்தாலோ காத்திருக்காதே. கட்டடப் பொறியாளரை உடனே அழைத்துக் காட்டு.

பட்டி ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? மரம் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. ஈரக்காற்றில் வெடிப்பு கொஞ்சம் மூடும், வறண்ட காலத்தில் திறக்கும். கல்லாக இறுகிய பட்டி அதோடு அசையாது. ஒன்று உதிரும், இல்லையென்றால் விளிம்பைப் பெயர்க்கும். வார்னிஷும் அப்படித்தான். இளம் வயதில் ஒரு வீட்டுக்காரர் பளபளப்பு கேட்டார் என்று பச்சை உத்தரத்துக்கு மூன்று கோட் அடித்துக் கொடுத்தேன். உள்ளே மாட்டிய ஈரம் அதை வெள்ளை வெள்ளையாகத் தூக்கி உரித்துவிட்டது. சுரண்டி எடுக்க நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் ஓக்குக்கு எதையும் பூசியே ஆக வேண்டும் என்றில்லை. வைரம் பாய்ந்த பகுதி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். முதல் வருடம் ஹீட்டரைச் சட்டென்று கூட்டாமல் மெதுவாகக் காய விடு, அது போதும். அப்புறம் நிறம் ஆழமாகத் தெரிய வேண்டுமென்று ஆசைப்பட்டால் மெழுகு கலந்த எண்ணெயை மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடு. மறைவான மூலையில் முதலில் தடவிப் பார், ஓக் எண்ணெய் பட்டால் நீ நினைப்பதைவிடக் கருக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மட்டும் போடாதே அம்மா! ஆளிவிதை எண்ணெய் போன்றவை காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் முக்கி வை. நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரு காலை நாங்கள் கதவைத் திறந்தபோது மூலையில் துணி புகைந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணி கழித்து வந்திருந்தால் பட்டறை மிஞ்சியிருக்காது.

உத்தரத்தில் நீலக் கறுப்பாகக் கறை இருக்கிறது என்றாயே, அது பூஞ்சை இல்லை, இரும்பு. மாசிக்காய் ஓக் மரத்தில் விளையும் முடிச்சுதான். அதையும் இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் ஒரு காலத்தில் எழுதும் மை செய்தார்கள். அதே துவர்ச்சத்து மரத்திலும் இருப்பதால், ஈரத்தோடு இரும்புத் துகள் பட்டால் மை ஆகிவிடுகிறது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் கறை போகும். அது நஞ்சு. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதே, பிறகு நன்றாகக் கழுவித் துடை. ஸ்டீல் வுல் (இரும்பு நார்) கொண்டு தேய்க்கவே கூடாது. கொக்கி மாட்டினால் துருப்பிடிக்காத எஃகில் மாட்டு.

முன்னறையின் பழைய உத்தரங்கள் வேறு கதை. கறுப்புப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் உப்புத்தாள் போடாதே. குழந்தை இருக்கிற வீடு. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மென்மையான இழைகளைத் தின்று மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும், பழைய தச்சர்கள் கீறி வைத்த அடையாளங்களும் போய்விடும். எனக்கு அவற்றைப் பார்க்க ஆசை.

அந்த உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைத்தான் நீ பார்க்க வேண்டும். ஈரம் அங்கேதான் தங்கும். ஊசி முனையால் குத்திப் பார். வைரம் தடுக்கும், உளுத்தது உள்ளே விடும். 3 மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகளும் கீழே வெளிறிய புதுத் தூளும் இருந்தால் வண்டு இன்னும் வேலை செய்கிறது. ஓக்கைத் தின்னும் ஒருவகை வண்டு வசந்த காலத்தில் தலையால் மரத்தைத் தட்டித் துணையை அழைக்கும். அதன் புழு சில சமயம் 10 வருடம்கூட உள்ளேயே கிடக்கும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் 14-ஆம் நூற்றாண்டுக் கூரையையே அது அரித்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று. ஈரமும் பூஞ்சையும் இருக்கும் மரத்தைத்தான் அது விரும்பும். அதனால் மருந்துக்கு முன் கூரை ஒழுகுகிறதா, சுவர் நனைகிறதா என்று பார். மேலே தெளிக்கும் மருந்து ஆழத்தில் இருக்கும் புழுவைத் தொடாது.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை செய். வெடிப்பின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுது. அகலத்தை அளந்து வை. மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளந்து எனக்கு அனுப்பு, நானும் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். ராத்திரி மறுபடி சத்தம் கேட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா