1971 மார்ச் 31 தீர்மானத்தை மறுபடி எடுங்கள்: தமிழக எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் 57 பேருக்கும் வணக்கம்.

2022 ஜூலையில் மியான்மரின் ராணுவ அரசு நான்கு பேரைத் தூக்கிலிட்டது. அதில் ஒருவர் பியோ ஸேயா தா. ஹிப்ஹாப் பாடகராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 2012 இடைத்தேர்தலில் ஜெயித்து 2020 வரை எம்.பி.யாக இருந்தவர். உங்களைப் போலவே தொகுதி, மனு, கூட்டத்தொடர் என்று ஓடிக்கொண்டிருந்த ஆள். அதற்கு நம் நாடாளுமன்றம் ஒரு கண்டனத் தீர்மானம்கூடப் போடவில்லை. 1971இல் கிழக்கு வங்க மக்களுக்காகப் போட்டதுபோல மியான்மர் மக்களுக்காகவும் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பர் தேர்தலில் 476 இடங்களில் 396ஐ ஆங் சான் சூகியின் கட்சி பிடித்தது. புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய 2021 பிப்ரவரி 1 அன்று விடிவதற்குள் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. தலைநகர் நேப்பியிதோவுக்கு வந்திருந்த உறுப்பினர்களை அவர்கள் தங்கியிருந்த விடுதியிலேயே முடக்கியது. மூன்று நாள் கழித்து, சுமார் எழுபது பேர் அந்த வளாகத்துக்குள்ளேயே கூடி உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். வாசலில் துப்பாக்கி நிற்க, உள்ளே ஒரு நாடாளுமன்றம்! 2023இல் அந்தக் கட்சியையே கலைத்தார்கள். 2025 டிசம்பரில் ‘தேர்தல்’ தொடங்கியபோது, முந்தைய தேர்தலில் ஜெயித்த கட்சி களத்திலேயே இல்லை.

இந்தக் காலத்தில் டெல்லி என்ன செய்தது? 2021 மார்ச் 27 அன்று மியான்மர் ராணுவ அணிவகுப்பில் கலந்துகொண்ட எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் மியான்மர் தீர்மானம் வந்தபோது, அந்த மாதம் மன்றத்துக்குத் தலைமை வகித்த இந்தியாவே சீனாவோடும் ரஷ்யாவோடும் சேர்ந்து வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்திய அரசு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களுமாகச் சுமார் 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களையும் உதிரிபாகங்களையும் மியான்மர் ராணுவத்துக்கு அனுப்பியதாக ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 2023இல் கணக்குக் கொடுத்தார். இதைக் கேள்வி நேரத்தில் குடைந்து கேட்க உங்களால் முடியும்.

அடுத்த நாட்டு விவகாரம் என்பீர்கள். 1971 மார்ச் 25 இரவு, இன்று வங்கதேசமாக இருக்கும் கிழக்கு வங்கத்தின் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் வேட்டையைத் தொடங்கியது. ஆறே நாளில், மார்ச் 31 அன்று, இந்திரா காந்தி கொண்டுவந்த தீர்மானத்தை நம் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. கிழக்கு வங்க மக்களின் ஜனநாயகப் போராட்டத்துக்கு முழு ஆதரவு என்றது அது. அங்கேயும் கதை இதேதான்: தேர்தலில் ஜெயித்தவர்களின் அவையைக் கூடவிடாமல் ராணுவம் தடுத்தது. நான்கே ஆண்டில் அதே இந்திரா இங்கே நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தார் என்பதும் உண்மை. அதனால் அந்தத் தீர்மானம் தப்பாகிவிட்டதா? நம் வீட்டில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். அதை அடைத்துவிட்டுத்தான் அண்டை வீட்டுக்குக் குரல் கொடுக்கவேண்டும் என்றால் உலகில் எந்த அவையும் வாய் திறக்க முடியாது.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2013 மார்ச்சில் இலங்கை விவகாரத்தில் நாடாளுமன்றத் தீர்மானம் வேண்டும் என்று வற்புறுத்தி, கிடைக்காமல் மத்திய அரசுக்குக் கொடுத்த ஆதரவையே விலக்கிக்கொண்டது தமிழ்நாட்டுக் கட்சிதான். அப்போது யாராவது ‘அடுத்த நாட்டு விவகாரம்’ என்று சொல்லியிருந்தால் நாம் கொதித்திருப்போம். மியான்மர் எல்லையில் இருக்கும் மிசோரத்தையும் பாருங்கள். அதன் எம்.பி. மக்களவையில் ஒரே ஒருவர், மாநிலங்களவையில் ஒரே ஒருவர். எல்லை தாண்டி அகதிகளாக வந்த மியான்மரின் சின் இன மக்களை அந்தச் சின்ன மாநிலம் ஏற்றுக்கொண்டது. எல்லையில் வேலி கூடாது என்று 2024 பிப்ரவரியில் சட்டமன்றத் தீர்மானமும் போட்டது. அந்த இரண்டு பேரோடு 57 பேர் சேர்ந்து எழுந்தால் அவை கேட்கும்.

சீனா உள்ளே புகுந்துவிடும், மியான்மர் வழியாக மிசோரத்துக்குப் போகும் காலதான் போக்குவரத்துத் திட்டம் கெட்டுவிடும் என்று வெளியுறவு அதிகாரிகள் சொல்வார்கள். அந்தத் திட்டப் பாதையில் இருக்கும் பலேத்வா 2024 ஜனவரியிலிருந்தே மியான்மர் ராணுவத்தின் கையில் இல்லை. அந்த ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் ஆர்மி என்ற ஆயுதக் குழு பிடித்துவிட்டது. யாரைத் திருப்திப்படுத்த இந்த மௌனம்?

அமெரிக்கா பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. மியான்மர் ஜனநாயகத்துக்கு உதவ அங்கே 2022இல் சட்டமே போட்டார்கள். 2025இல் வெளிநாட்டு உதவி அமைப்பையே இழுத்து மூடிவிட்டார்கள்.

தமிழர்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. 1962 மார்ச்சில், அன்று பர்மா என்று அழைக்கப்பட்ட மியான்மரில், ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டில் கடைகள் அரசுடைமை, அந்த நாட்டுப் பணமான சாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது. நகையும் பணமும் போய், கையில் துணி மூட்டையோடு கப்பலேறிய கதை பர்மாவிலிருந்து வந்த எந்தக் குடும்பத்திலும் கேட்கலாம். திரும்பிப் போக முயன்று எல்லையில் நின்றுபோனவர்கள்தான் மணிப்பூரின் மோரே தமிழர்கள். சென்னை பர்மா பஜார் பக்கம் பர்மிய நூடுல்ஸான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் வாங்கிச் சாப்பிடும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில், அமைச்சராக இல்லாத எம்.பி.க்கள் கொண்டுவரும் தனிநபர் தீர்மானங்களுக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். குலுக்கலில் பெயர் வரவேண்டும் என்பதால் ஒருவர் கொடுத்தால் போதாது. கட்சி பார்க்காமல் எல்லோரும் நோட்டீஸ் கொடுங்கள். 1971 தீர்மானத்தின் வாசகம் அவைக் குறிப்பில் இருக்கிறது. அதையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, ஆயுத விற்பனை நிறுத்தத்தையும் அகதிகளுக்கு ஒரு சட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான நோட்டீஸில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று நாங்கள் பார்ப்போம்.