மூணாவது தடவையும் அதே சக்கரம் ஜாம், டிரெய்லர் பிரேக் லைனர மாத்துறத விட்டுட்டு பிரேக் ஆயில் போற ஹோஸ பாருங்க

சர்வீஸ் மேனேஜர் சார், வணக்கம்.

போன தை மாசம் உங்ககிட்ட ஒத்த ஆக்சில் போட் டிரெய்லர் வாங்குனேன், பைபர் போட்ட மதுரைல இருந்து மண்டபத்துக்கு இழுத்துட்டுப் போறதுக்கு. ஆறு மாசத்துல இடது சக்கரத்துக்கு மட்டும் ரெண்டு தடவ லைனர் மாத்தி ரெண்டு தடவயும் காசு வாங்கிட்டீங்க. போன ஞாயித்துக்கிழம பரமக்குடி தாண்டயில தீயுற வாடை வந்து ஓரங்கட்டிப் பார்த்தா அதே இடது சக்கரந்தான், சக்கரத்து நடுவுல இருக்க ஹப்புல பெயிண்ட் கொப்புளிச்சுக் கெடக்கு, தண்ணி தெளிச்சா சுர்ருங்குது, வலது பக்கம் கைய வச்சா வெறும் வெயில் சூடுதான். வண்டில என் பொண்டாட்டி பிள்ளைக இருந்தாங்க சார், பேரிங் எரிஞ்சு சக்கரம் கழண்டு ஓடிருந்தா யாரு பொறுப்பு?

உங்க ஆளுக்கு போன் போட்டா ஓவர்லோடுங்குறாரு. ஓவர்லோடுன்னா ரெண்டு சக்கரமும்ல சூடாகணும்? வண்டி ஸ்லோவாகும்போது டிரெய்லர் முன்னாடி தள்ளி வண்டியோட மாட்டுற கப்ளிங்ல இருக்க மாஸ்டர் சிலிண்டர அமுக்குது, அதுதான் ரெண்டு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில தள்ளுது, அது திரும்பலன்னாலும் ரெண்டு பக்கமும்தான் பிடிக்கும்.

அங்கன ஒரு டிராக்டர் மெக்கானிக் அண்ணன் வந்து ஜாக்கி போட்டு சக்கரத்த சுத்துனாரு, அசையல. ஹோஸுக்கு முன்னாடி இருக்க பைப் நட்ட லூஸ் பண்ணாரு, அப்பயும் அசையல. அப்புறம் அத டைட் பண்ணிட்டு சக்கரத்துல இருக்க வீல் சிலிண்டர்ல ஏர் எடுக்குற நிப்பிள லேசா திறந்தாரு பாருங்க, ஆயில் சீறிட்டு வந்துச்சு, சக்கரம் லேசா சுத்த ஆரம்பிச்சுருச்சு. "பிரஷர் ஹோஸுக்குள்ள மாட்டிக்கிருச்சு தம்பி, லைனர் பாவம்"னாரு. ஹோஸ கழட்டி நெடுக்க பிளேடால அறுத்துக் காட்டுனாரு, உள்ள ரப்பர் ஊதி குண்டூசி போற அளவுக்குத்தான் ஓட்டை. தள்ளும்போது ஆயில் போயிருது, திரும்பி வர வழியில்ல. இத உங்க ஷெட்டுல ரெண்டு தடவயும் யாரும் பாக்கல.

மினரல் ஆயில் பட்டா பிரேக் ரப்பர் ஊதும்னு அண்ணன் சொன்னாரு. டெலிவரி குடுக்கயில டாட் 3 பிரேக் ஆயில்தான் ஊத்துனீங்களா, வேற எதாச்சுமா? எழுத்துல சொல்லுங்க. வேற ஆயில்னா வலது ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் வாஷர் பூராம் கெட்டுருக்கும்.

உப்புத்தண்ணில இறக்குனா வாரண்டி இல்லைன்னு சொல்றது நியாயமே இல்ல, போட் டிரெய்லர்னு தான பில்லு போட்டீங்க. சூடான ஹப்ப தண்ணில விட்டா சீல் வழியா உள்ள இழுத்துக்கிரும்னு அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் இறக்குவேன், வீட்டுக்கு வந்ததும் டிரம்முக்குள்ள நல்ல தண்ணி அடிச்சுருவேன், ஒரு தடவ கூட விட்டதில்ல.

ரெண்டு தடவ வாங்குன லைனர் காச திருப்பிக் குடுங்க, ரெண்டு பக்கமும் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட், இடது ஹப் பேரிங் எல்லாம் வாரண்டில மாத்தி, பழைய ஆயில முழுசா வெளியேத்தி ஏர் எடுத்துக் குடுங்க. இதே மாடல் வாங்குன மத்தவங்களுக்கும் போன் போட்டு ஹோஸ பாக்கச் சொல்லுங்க, அதுதான் எனக்கு முக்கியம். 15 நாள்ல பதில் வரலைன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல மதுரை மாவட்ட ஆணையத்துல மனு போடுவேன்.

அறுத்த ஹோஸ் என்கிட்டதான் இருக்கு, ஆள் அனுப்புங்க, காட்டுறேன்.