மணிக்குக் கீழே நிறுத்தப்பட்டவன்

அன்புள்ள கயல்விழி,

உன் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை என்று நேற்று நீ தொலைபேசியில் அலுத்துக்கொண்டபோது நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. 31 ஆண்டுகள் பாடம் நடத்திய நான் செய்த ஒரு தவற்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

என் இரண்டாம் வகுப்பில் இருந்த ஒரு பையன், பாடவேளை முடியும் தறுவாயில் பெஞ்சுக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொள்வான். வேண்டுமென்றே செய்கிறான் என்று எண்ணி அவனை வராந்தாவில் நிறுத்தத் தொடங்கினேன். மணியாக அடிக்கும் தண்டவாளத் துண்டு அங்கேதான் தொங்கியது. "டீச்சர், நான் கம்பியைக் கையில எடுத்தாலே இந்தப் புள்ளைக்கு உடம்பு நடுங்குது" என்று ஆயா சொன்ன பிறகுதான், சத்தத்துக்கு அஞ்சியவனைச் சத்தத்துக்குக் கீழேயே இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அவனை உட்சுவர் ஓரமாக மாற்றி, மணியடிக்கும் முன் கையை உயர்த்திக் காட்டத் தொடங்கினேன். காதைப் பொத்துவது நிற்கவில்லை, பெஞ்சுக்கு அடியில் போவது நின்றது. பிறரோடு பழகுவதிலும் ஒலி, ஒளியை உணர்வதிலும் மூளை வேறுவிதமாக இயங்கும் நிலையைக் குறிக்கும் ஆட்டிசம் என்ற சொல்லைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சியில் கேட்டேன். அவனுக்கு அதுதானா என்று இன்றும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்வது மருத்துவரின் வேலை.

ஆகவே நீயும் உன் வகுப்புப் பையனின் நிலைக்கு ஒரு பெயர் சூட்டாமல், இரண்டு வாரம் குறித்து மட்டும் வை: எப்போது எழுகிறான், அதற்கு முன் என்ன நடந்தது, எந்த வேலையில் தன்னை மறந்து உட்கார்ந்திருக்கிறான். மருத்துவர் அவனை அரைமணி நேரம் பார்ப்பார். நீ நாள் முழுவதும் பார்க்கிறாய். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அந்தத் தாளையே கொடு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது, ஆனால் கவனம் நிலைக்காமல் ஓயாது துறுதுறுக்கும் நிலையான ஏ.டி.எச்.டி. அதில் தனி வகையாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் பெறத்தான் சான்றிதழ் வேண்டும். முன்வரிசையில் இடம் தருவதற்கும், பத்துக் கணக்கை இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுப்பதற்கும், நடுவே நோட்டுகளை அடுத்த வகுப்பில் கொடுத்துவர அனுப்புவதற்கும் யார் கையொப்பமும் வேண்டாம். முட்டி போடவைப்பது, எல்லார் முன்னும் ஏசுவது ஆகியவற்றைக் கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் செய்கிறவர்கள் இருக்கும் ஆசிரியர் அறையில்தான் நீ தினமும் சாப்பிடப் போகிறாய்.

பெற்றோரை வரவழைத்து எச்சரிக்கும்படி உன் தலைமையாசிரியர் சொன்னாராம். வரவழை. அந்தத் தாய் பல வாசல்களில் ஏச்சு வாங்கியவராக இருப்பார். நிற்கவைத்துப் பேசாமல் நாற்காலி போட்டு, அவன் நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல். பிறகு, வீட்டில் அவன் எப்போது அமைதியாக இருக்கிறான் என்று கேட்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்.

அன்புடன்,
அம்மா