முகத்தில் பிளாஸ்டர் ஊற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினிமா முகமூடியை வீட்டிலேயே அச்சு அசலாகச் செய்வது எப்படி என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. குகை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் வேடமிட்டு வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு வேடம் கட்டுகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் எனச் சேலத்தில் பலர் அதைக் கத்தரித்து வைத்திருப்பார்கள். ‘முகத்தில் வாசலின் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஊற்றி அச்சு எடுக்கவும்’ என்ற வரியை அவர்கள் முதலில் அடித்துவிட வேண்டும்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கனமாக ஊற்றினால் 60 டிகிரி செல்சியஸைத் தொடும். சூடு உறைக்கும்போது அது கல்லாகியிருக்கும், உருவி எடுக்க முடியாது. 2007-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், கலை வகுப்பில் கை அச்சு எடுப்பதற்காகப் பிளாஸ்டருக்குள் கைகளை வைத்த 16 வயது மாணவி பெரும்பாலான விரல்களை இழந்தார். கைக்கே அப்படி என்றால் கண்ணும் மூக்கும் உள்ள முகத்துக்கு? ஒப்பனைக் கலைஞர்கள் முகத்தில் முதலில் பூசுவது, பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் ஆல்ஜினேட். அதன்மேல்தான் மெல்லிய பிளாஸ்டர் கட்டுத்துணி. அதுவும் பழகிய கைகளுக்கே.

இத்தனைக்கும் இந்த வேலைக்கு முக அச்சே தேவையில்லை. நெற்றி மேட்டிலிருந்து முகவாய் வரை, ஒரு கன்ன எலும்பிலிருந்து மறு கன்ன எலும்பு வரை, இரு கண்மணிகளுக்கு நடுவே: இந்த மூன்று அளவு போதும். பெரியவர்களுக்குக் கண்மணி இடைவெளி பெரும்பாலும் 60 முதல் 66 மில்லிமீட்டர். படத்தின் காட்சியை நிறுத்தி எடுத்த நேர்முகப் படத்தை, முகமூடியின் கண் துளைகளின் நடுப்புள்ளிகள் உங்கள் அளவுக்கு வரும்படி பெரிதாக்கி அச்சடியுங்கள். அதே அளவில் பக்கவாட்டுப் படம் ஒன்றும் வேண்டும். மிக அருகில் வைத்து எடுத்த குளோஸப் உதவாது. அதில் மூக்கு பெருத்தும் காது பின்வாங்கியும் தெரியும். அதைப் பார்த்துச் செய்த முகமூடி கோமாளி போலிருக்கும். உள்ளே பஞ்சு வைக்கச் சுற்றிலும் 7 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

துணிக்கடைப் பொம்மையின் தலைமேல் பானை வனையும் மண் 4 கிலோ அப்பி உருவத்தைச் செதுக்கலாம். பொம்மைத் தலை மனிதத் தலையைவிடச் சிறியதாக இருப்பது வழக்கம், ஆகவே மண்ணை அப்பியதும் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதைக் கண்ணாடியில் பார்த்தால்தான் கோணல் தெரியும். மூக்குத் துவாரமும் முகவாயின் அடியும் உள்ளே மடங்கியிருந்தால் முகமூடி அச்சில் மாட்டிக்கொள்ளும். அங்கே மண்ணை நிரப்பிச் சரிவாக்கிவிட்டுப் பிறகு வண்ணத்தில் பள்ளம் காட்டலாம்.

பிளாஸ்டரை ஊற்ற வேண்டியது இந்த மண் உருவத்தின் மேல். 4 கிலோ மாவுக்கு 2.8 லிட்டர் தண்ணீர், மூன்று தடவையாகக் குழைக்கவும். மாவைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். முதல் பூச்சை மெல்லியதாகத் தெளித்து ஊதிவிட்டால் குமிழி நிற்காது. அடுத்தடுத்த பூச்சில் சணல் நாரை நனைத்து வைத்து, மொத்தம் இரண்டரை சென்டிமீட்டர் கனம். பழைய பிளாஸ்டர் ஒட்டிய வாளியில் குழைத்தால் கை எடுப்பதற்குள் இறுகிவிடும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் பிரித்து வைத்த மூட்டையோ ஈரம் குடித்து, இறுகாமல் உதிரும். மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். சூடு ஆறியதும் மண்ணைத் தோண்டி எடுத்து, அச்சைக் கழுவி, காய்ந்தபின் உட்புறம் சோப்புக் கரைசலை மூன்று முறை தடவுங்கள்.

தங்கள் குறிப்பு அடுத்து ஃபைபர் கிளாஸுக்குப் போகிறது. பிசினின் நெடியும் இழையின் அரிப்பும் அடுக்குமாடி வீட்டுக்கு ஆகாது. ஊரைச் சுற்றி மரவள்ளியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளை வைத்துக்கொண்டு அதற்கு அலைவானேன்? மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராமை 200 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் 800 மில்லியில் ஊற்றிக் கிண்டினால் பசை தயார். வெள்ளை மாறிக் கண்ணாடி போலானதும் இறக்கிவிட வேண்டும். மேலும் கொதித்தால் நூலிழுக்கும், தாளில் பரவாது. ஆறியபின் மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஃபெவிகால், நாலு சொட்டு கிராம்பு எண்ணெய். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். அது நஞ்சு. மூச்சும் வியர்வையும் படும் முகமூடியில் கூடவே கூடாது.

தாளுக்குத் தங்கள் நாளிதழே போதும். வழவழப்பான இணைப்பு மட்டும் பசை குடிக்காது. கத்தரிக்காமல் கையால் கிழித்தால் ஓரம் மெலிந்து ஒன்றோடொன்று கலக்கும். முதல் அடுக்கை வெறும் தண்ணீரில் நனைத்து அச்சின் உள்ளே பதியுங்கள். அடுத்தது செய்தித்தாள், அதற்கடுத்தது பழுப்பு அட்டைத்தாள் என்று மாற்றி ஒட்டினால் எந்த இடம் விட்டுப்போனது என்று தெரியும். எட்டு அடுக்கு, ஓரத்தில் பத்து. மூன்று அடுக்குக்கு ஒருமுறை காயவிட வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். சேலத்துச் சித்திரை வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முறுகி ஓரம் அப்பளம் போல் நெளியும். ஏற்காட்டு மூடுபனியில் வைத்தால் பூஞ்சணம் பூக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் காய வேண்டும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து, இரண்டு நாள் ஒரே எடை காட்டினால்தான் உள்ளே ஈரமில்லை. அதற்கு முன் வண்ணம் பூசினால் கொப்பளிக்கும்.

வெளியே சாக்பொடியும் ஃபெவிகாலும் பிசைந்து பூசி, 120, 220, 400 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்க்கவும். உள்ளே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் இரண்டு கை. இது இல்லாவிட்டால் வியர்வையில் முகமூடி கூழாகும். நெடி போகும்வரை அணியக் கூடாது. வண்ணத்துக்கு மேல் பளபளக்கும் வார்னிஷ் அடித்துப் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள். திரையில் பார்த்தது மங்கல் நிறம். 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தின் பயங்கர முகம், கடையில் வாங்கிய, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளையடித்துக் கண் துளையைப் பெரிதாக்கியதுதான். நிறமும் கண் துளையும் சரியாக அமைந்தால் உள்ளே காகிதம் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு எனப் பஞ்சுத் துண்டு ஒட்டினால் பாரம் மூக்கில் இறங்காது. எலாஸ்டிக் கோக்கும் துளைக்குப் பின்னால் காடாத் துணி ஒட்ட வேண்டும். அரக்கும் தாளும் எளிதில் தீப்பிடிக்கும், எனவே வண்டியில் சூடத் தட்டு பக்கத்தில் வரும்போது கழற்றிவிடுவது நல்லது.

மற்றதையெல்லாம் வெளியிட இடமில்லை என்றாலும், அந்தப் பிளாஸ்டர் வரிக்கு மட்டுமாவது வரும் ஞாயிறு இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வேடப் பொருள் செய்யும் வாசகர்கள்,
குகை, சேலம்